உடுத்துவது வேறு, உணர்வது வேறு: பாலின அடையாளச் சொற்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மே மாதத்தில் திருப்பதியில் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை நடக்கும். ஊர்ப் பெண்களைச் சீரழித்துவந்த பாளையக்காரனைத் தேடி அம்மன் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு அலைந்து, கடைசியில் அவன் தலையை எடுத்தாள் என்பது கதை. அதை நினைத்து, வேண்டிக்கொண்ட ஆண்கள் புடவை கட்டுவார்கள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர்களான நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் பிள்ளைகுட்டிகளோடு போய் வருகிற திருவிழா இது. மீசையை எடுக்காமலேயே பட்டுப்புடவை, கை நிறைய வளையல், சவுரி வைத்து முடித்த பூ என்று நடுத்தெருவில் ஆண்கள் நடந்து வருவார்கள். சாமி வேஷம் என்பதால் யாரும் கேலி செய்வதில்லை.

அதே கூட்டத்தில் திருநங்கைகளும் இருப்பார்கள். அவர்கள் கட்டியிருப்பதும் புடவைதான். ஜாத்திரை முடிந்த மறுநாளும் அவர்கள் புடவையில்தான் இருப்பார்கள். இன்னொருவரும் அங்கே இருக்கலாம். வருஷம் முழுக்கப் பீரோவின் அடித்தட்டில் ஒரு நைட்டியை ஒளித்துவைத்து, இந்த ஒரு நாள் மட்டும் வேண்டுதல் என்று சொல்லிப் பயமில்லாமல் பொட்டு வைத்துக்கொள்பவர்.

மூன்று பேருக்கும் ஒரே மாதிரிப் புடவை. பார்ப்பவர்கள் மூவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அந்தச் சொல்லும் பெரும்பாலும் தப்பான சொல்லாக இருக்கிறது. இவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள், ஏன் அப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் தாய்மொழியை எடுத்துக்கொள்வோம்

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ். நூல் வாங்கப் போனால் தெலுங்கு. ரேஷன் அட்டையில் பெயர் தெலுங்கு எழுத்தில். பள்ளிக்கூடத்தில் படித்ததும் தெலுங்கில்தான். அவர் கடைத்தெருவில் பேசுவதை மட்டும் கேட்டால் தெலுங்குக்காரர் என்றே நினைப்பீர்கள். பக்கத்துத் தறிக்காரரும் அதே தெலுங்கைத்தான் பேசுகிறார், ஆனால் அவருக்கு அது தாய்மொழி. காதால் கேட்டு இருவரையும் பிரிக்க முடியாது. “உங்க வீட்ல என்ன பேசுவீங்க?” என்று கேட்டால்தான் தெரியும்.

இதில் மூன்று விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. அட்டையில் எழுதியிருப்பது ஒன்று. வெளியில் பேசுவது ஒன்று. தூக்கத்தில் உளறும்போதும், பிள்ளையைத் திட்டும்போதும், அடிபட்டு ‘அம்மா’ என்று கத்தும்போதும் வருகிற மொழி இன்னொன்று. பாலினத்திலும் இந்த மூன்றும் உண்டு. எல்லைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது மற்றவர்களைவிடச் சுலபம் என்றே நினைக்கிறோம்.

ஒப்புமை ஓரிடத்தில் ஒத்துவராது, அதையும் சொல்லிவிட வேண்டும். தாய்மொழியை வீடு கற்றுக்கொடுக்கிறது. திருநங்கை ஒருவருக்கு ‘நீ பெண்’ என்று யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. வீடு, பள்ளி, தெரு எல்லாம் சேர்ந்து ‘நீ ஆண்’ என்று தினமும் சொல்லிக்கொடுத்தும் உள்ளே இருக்கிற உணர்வு மாறாமல் நிற்கிறது.

நான்கு கேள்விகள், நான்கு விடைகள்

ஒருவரைப் பற்றிக் கேட்கக்கூடிய நான்கு கேள்விகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அவற்றைப் பிரித்து வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிரசவ அறையில் குழந்தையின் உடலைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ பதிவு செய்கிறார்களே, அது பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினம். தன்னைத் தான் ஆணாக, பெண்ணாக, அல்லது இரண்டிலும் அடங்காதவராக உணர்வது பாலின அடையாளம். உடை, தலைமுடி, நடை, குரல், பெயர் ஆகியவற்றால் வெளியில் காட்டுவது பாலின வெளிப்பாடு. யார்மேல் காதலும் ஆசையும் பிறக்கிறது என்பது ஈர்ப்பு.

முதல் கேள்விக்கான விடையை வைத்து மற்ற மூன்றையும் ஊகிக்கிறது ஊர். பெரும்பாலானோருக்கு நான்கும் ஒரே வரிசையில் அமைந்துவிடுவதால் அந்த ஊகம் பலிக்கிறது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. புடவை கட்டிப் பார்க்கப் பிடிக்கிற ஆண், மனைவியை மனதார நேசிப்பவராக இருக்கலாம். அவரிடம் மாறியிருப்பது மூன்றாவது விடை மட்டும். திருநங்கை ஒருவருக்கு இரண்டாவது விடை மாறியிருக்கிறது. அவருக்கு ஆணைப் பிடிக்கலாம், பெண்ணைப் பிடிக்கலாம், இருவரையும் பிடிக்கலாம், காதலே வேண்டாம் என்றும் இருக்கலாம். ஆணை விரும்பும் ஆண் தன்னை முழுக்க ஆணாகவே உணர்கிறார், பேண்ட் சட்டைதான் போடுகிறார். அவரிடம் வேறாக இருப்பது நான்காவது விடை. ‘ஆம்பளைய புடிச்சா பொம்பளையா மாறிடுவான்’ என்று திண்ணையில் சொல்லப்படுவது நான்காவது விடையையும் இரண்டாவதையும் முடிச்சுப் போட்ட பேச்சு.

ஏன் இப்படி அமைகிறது என்றால், ஒற்றைக் காரணம் இதுவரை கண்டறியப்படவில்லை. வளர்ப்பு, சேர்க்கை, சினிமா என்று பழி போடுவதற்கு ஆதாரம் கிடையாது. சிகிச்சை கொடுத்தோ மிரட்டியோ மாற்ற முடியாது என்பது தெளிவாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில், பிறப்பில் குறித்த பாலினத்தோடு அடையாளம் ஒத்துப்போகாததை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. 2019-ல் ஏற்கப்பட்ட அந்தப் பதிப்பு 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. எதிர்பால் உடை உடுத்துவதை நோயாகக் குறித்த தனித் தலைப்புகளும் அப்போதே நீக்கப்பட்டன.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: புடவை என்பது மூன்றாவது கேள்விக்கான விடை. ‘நான் யார்’ என்பது இரண்டாவது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சொல்ல முடியாது.

கிராஸ்டிரெஸ்ஸர் என்று சொல்லிக்கொள்பவர்கள்

தன் பாலினத்துக்கென்று ஊர் ஒதுக்கிய உடையை விட்டு எதிர்ப்பாலின உடையை விரும்பி உடுத்துபவர் கிராஸ்டிரெஸ்ஸர். தங்களுக்குள் சுருக்கமாக ‘சிடி’ என்பார்கள். சொல்லின் கதையிலேயே குழப்பம் இருக்கிறது. 1910-ல் பெர்லின் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் ‘டிரான்ஸ்வெஸ்டைட்’ என்ற சொல்லை உருவாக்கினார். எதிர்ப்பாலின உடை உடுத்துபவர் என்று பொருள். இன்று திருநங்கை, திருநம்பி என்று நாம் சொல்லக்கூடியவர்களையும் அதே சொல்லுக்குள்தான் அவர் வைத்தார். பிற்பாடு அது மருத்துவர்கள் ஒட்டும் நோய்ச்சீட்டாகிவிட்டதால், உடுத்துபவர்களே அதைக் கைவிட்டு கிராஸ்டிரெஸ்ஸர் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

தொழிலாகவோ கடமையாகவோ உடுத்துபவர்களை இந்தப் பெயரில் அழைப்பதில்லை. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் தெருக்கூத்தில் பெண்வேஷம் கட்டுபவர் விடிந்ததும் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டு வயலுக்குப் போகிறார். குச்சிப்புடியில் சத்தியபாமா வேடத்துக்குப் பெயர்பெற்ற வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவின் நடையைப் பார்த்துப் பெண்கள் பாடம் படித்தார்கள் என்றால் அது கலை. ஜாத்திரை வேஷம் வேண்டுதல். வேஷம் கட்டுபவர்களில் திருநங்கையும் இருக்கலாம், கிராஸ்டிரெஸ்ஸரும் இருக்கலாம். வேஷம் கட்டினார் என்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது.

கிராஸ்டிரெஸ்ஸர்கள் ஏன் உடுத்துகிறார்கள்? காரணம் ஆளுக்கு ஆள் வேறு. பலர் சொல்வது ஆறுதல். நாள் முழுக்க ஆம்பளையாக விறைத்துக்கொண்டு நின்ற உடம்பு, பருத்தி நைட்டியில் தளர்கிறது. சிலருக்கு அலங்காரத்தில் ரசனை: மடிப்பு நிற்கிறதா, ரவிக்கைக் கை அளவு சரியா, முந்தானை எவ்வளவு தொங்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். சிலருக்கு அது காமத்தோடு சேர்ந்தது, குறிப்பாக இளம் வயதில். பலருக்கு வயது ஏற ஏறக் காமம் குறைந்து ஆறுதல் மட்டும் மிஞ்சுகிறது. இவற்றில் எதுவும் அவமானத்துக்குரியது அல்ல. யாருக்கும் கெடுதலும் இல்லை.

கெடுதல் வருவது ஒளித்துவைப்பதால்தான். ஆசை வரும், துணி வாங்குவார். பெரும்பாலும் ‘தங்கச்சிக்கு’ என்று கடையில் சொல்லி, அளவு தெரியாமல் வாங்கி, தோளில் ஏறாத ரவிக்கையோடு வீடு வருவார். வீட்டில் ஆள் இல்லாத மதியம் உடுத்துவார். கழற்றியதும் குற்ற உணர்ச்சி கவ்வும். ‘இனிமேல் தொடவே மாட்டேன்’ என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி எரிப்பார், அல்லது வேறு ஊர்க் குப்பைத்தொட்டியில் போடுவார். நாலு மாதம் கழித்து மறுபடி வாங்குவார். ஆயிரக்கணக்கில் பணம் போகும், ஒவ்வொரு சுற்றிலும் தன்மேல் இருக்கும் வெறுப்பு ஒரு படி ஏறும். துணியை எரித்தால் துணிதான் போகும். அது தந்த ஆறுதலின் தேவை அப்படியே இருப்பதால் சுற்று மறுபடி தொடங்குகிறது. இதை அறியாமல் ‘கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்’ என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் உள்ளே இழுப்பது இன்னும் பெரிய தவறு. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுச் செய்வது வேறு. சொல்லாமல் செய்தால், என்றோ ஒருநாள் பீரோவைச் சுத்தம் செய்யும் மனைவி தன் அளவில் இல்லாத ஒரு ரவிக்கையைப் பார்ப்பார். வேறொரு பெண் என்றுதான் முதலில் நினைப்பார்.

கிராஸ்டிரெஸ்ஸர்களில் கணிசமானோர் ‘நான் ஆண்தான், உடை மட்டும் இது’ என்று உறுதியாகச் சொல்பவர்கள். சிலர், ‘உடுத்தும்போது வேறொரு பெயரில் இருக்கிறேன், அவளும் நான்தான்’ என்பார்கள். இன்னும் சிலர் பத்து இருபது வருஷம் கிராஸ்டிரெஸ்ஸர் என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, தாங்கள் திருநங்கை என்று தெளிந்திருக்கிறார்கள். முன்பு சொன்னது பொய்யில்லை. அப்போது கைக்கு எட்டிய சொல் அதுதான்.

எனக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரியும்?

சோதனைச்சாலையில் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒரு நோட்டும் சில மாதங்களும் இருந்தால் நிறையத் தெரியவரும். உடுத்துகிற ஒவ்வொரு முறையும் முன்னால், நடுவில், கழற்றிய பின்னால் என்று மூன்று வரி எழுதிவையுங்கள்.

கவனிக்க வேண்டியது கழற்றிய பின்னான வரியை. ‘திருப்தி, சரி, வேலையைப் பார்ப்போம்’ என்று ஆணாகவே இயல்பாகத் திரும்ப முடிகிறதா? அல்லது சட்டையைப் போடும்போது வேஷம் போடுவது போல இருக்கிறதா? கண்ணாடியே இல்லாத இடத்தில், உடையே இல்லாத நேரத்தில், அக்கா என்று யாராவது கூப்பிட்டால் மனது நிறைகிறதா? குரலையும் தாடியையும் நெஞ்சையும் நினைத்தால் வெறும் சலிப்பா, தாங்க முடியாத வேதனையா? அந்த வேதனைக்கு பாலின மனவேதனை என்று பெயர். பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகாமல் உணர்பவர்கள், அதாவது திருநர்கள், எல்லோருக்கும் அது இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். காமம் கலந்திருந்தால் திருநங்கையாக இருக்க முடியாது என்று முடிவு கட்டாதீர்கள், மனித உடம்பில் இவை கலந்துதான் வரும். ஒரு நல்ல மதியத்தின் உற்சாகத்தில் எழுதியதை மட்டும் வைத்தும் முடிவு எடுக்காதீர்கள். விடை ‘தெரியவில்லை’ என்றே வந்தாலும் அது விடைதான், அவசரமில்லை. பேசிப் பார்க்க மனநல ஆலோசகரிடம் போனால், ‘மாற்றிவிடுகிறேன்’ என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

திருநங்கை, திருநம்பி, திருநர்

பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டு, பெண்ணாக உணர்பவர் திருநங்கை. தமிழ்நாட்டில் 2008-ல் திருநங்கைகள் நல வாரியம் அமைந்த காலத்தில் பரவிய சொல் இது. அதற்கு முன் வழங்கிய ‘அரவாணி’ கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் சடங்கிலிருந்து வந்தது. கூவாகத்துக்குப் போகாதவர்கள், வேறு மதத்தவர்கள் பலருக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. ‘அலி’, ‘ஒன்பது’, தெலுங்கில் ‘கொஜ்ஜா’ ஆகியவை வசைச்சொற்கள். விளக்கத்துக்காக இங்கே ஒருமுறை எழுதியதோடு சரி.

பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, ஆணாக உணர்பவர் திருநம்பி. இவர்களை ஊர் பார்ப்பதே இல்லை. பேண்ட் சட்டை போட்ட பெண்ணை ‘ஆம்பளை மாதிரி பொண்ணு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அதனால் உடையால் தன்னை அறிவிக்கும் வழிகூட அவருக்குக் கிடைப்பதில்லை. திருநங்கைகளுக்கு இருப்பது போன்ற பெரிய ஜமாத்தும், அதாவது குருவைச் சுற்றி அமையும் குடும்பமும், இல்லை. வீட்டைவிட்டு வெளியேறவும் விடமாட்டார்கள், கட்டாயக் கல்யாணம்தான் நடக்கும். இவர்கள் செய்யும் ஓர் ஆபத்தான காரியத்தைச் சொல்ல வேண்டும். மார்பை மறைக்கக் கால்சுளுக்குக்குக் கட்டும் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொள்கிறார்கள். அது மூச்சு விட விட இறுகும் துணி, விலா எலும்பை அமுக்கும். இதற்கென்றே தைத்த பைண்டர் உள்ளாடை கிடைக்கிறது. அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது.

திருநங்கை, திருநம்பி இருவரையும், ஆண் பெண் இரண்டிலும் அடங்காமல் உணர்பவர்களையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல் திருநர். கிராஸ்டிரெஸ்ஸர்களையும் இந்தக் குடைக்குள் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. 2019-ன் சட்ட வரையறையில் அந்தப் பெயர் இல்லை. கிராஸ்டிரெஸ்ஸர்களிலேயே பலர் தங்களைத் திருநர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஊடுபால் என்பது முற்றிலும் வேறு விஷயம்: பிறப்பிலேயே உறுப்பு, ஹார்மோன், குரோமோசோம் ஆகியவை வழக்கமான ஆண் உடல், பெண் உடல் இரண்டோடும் முழுக்கப் பொருந்தாமல் இருப்பது. அது முதல் கேள்வியைச் சேர்ந்தது. ‘திருநங்கை என்றால் பிறக்கும்போதே இரண்டும் இருக்கும்’ என்பது இதைக் குழப்பிக்கொண்டதால் வந்த பேச்சு.

அறுவை சிகிச்சை செய்தால்தான் திருநங்கையா? இல்லை. ஹார்மோனும் கத்தியும் உடலை மாற்றும், ஏற்கனவே இருக்கும் அடையாளத்துக்கு உடலை நெருக்கமாக்கும். வேண்டும் என்பவர்கள் செய்துகொள்கிறார்கள். வேண்டாம் என்பவர்களும், முடியாதவர்களும் அதனால் குறைந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலேயே இது செய்யப்படுகிறது. மெடிக்கல் கடையில் கருத்தடை மாத்திரையை வாங்கி ஒன்றுக்கு நாலாக விழுங்குவதுதான் பெரிய அபாயம். அதில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடியோல் ரத்தத்தை உறையவைக்கக் கூடியது, புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஏன் அளவைக் கூட்டுகிறார்கள்? மூன்று மாதத்தில் குரல் மெலியும், தாடி உதிரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பெண் ஹார்மோன் குரலை மாற்றாது, முளைத்த தாடியையும் எடுக்காது. மார்பு வளர்ச்சி மூன்று முதல் ஆறு மாதத்தில் தொடங்கி, முழுமைக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனை போக வேண்டும். மாத்திரை சாப்பிட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சுருக்கமாக: திருநங்கை, திருநம்பி என்பவை இரண்டாவது கேள்விக்கான விடைகள். உடை, மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் அந்த விடைக்குப் பின்னால் வருபவை. வராமலும் இருக்கலாம்.

ஜமாத்துக்குள் வழங்கும் சொற்கள்

வெளியே திருநங்கை என்று சொல்பவர்களே ஜமாத்துக்குள் வேறு சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். ஜமாத் என்பது குருவும் சேலாக்களும் கொண்ட குடும்பம். சேலா என்றால் மகள் முறை. குருவின் குரு நானி. பெரியவர்களைப் பார்த்ததும் ‘பாவ்படுத்தி’ என்று வணங்குவார்கள்.

‘கோத்தி’ என்ற சொல்லைத்தான் வெளியாட்கள் அதிகம் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆண் எனக் குறிக்கப்பட்டுப் பிறந்து, தன்னைப் பெண்தன்மையோடு உணர்பவர் கோத்தி. அவர் புடவை கட்டலாம். பகலில் பேண்ட் சட்டையோடு வேலைக்குப் போய், மனைவி மக்களோடும் வாழலாம். சட்லா என்றால் புடவை. ஐதராபாத் பக்கம் ஆண் உடையில் இருப்பவரை ‘கடா சட்லா கோத்தி’ என்று பிரித்துச் சொல்வார்கள். உறுப்பு நீக்கிக்கொண்டவர் நிர்வாணம் ஆனவர், செய்துகொள்ளாதவர் அக்வா. நிர்வாணத்துக்குப் பின் நாற்பது நாள் தனியே வைத்துப் பார்த்து, நாற்பதாம் நாள் மஞ்சள் பூசிச் சடங்கு செய்வார்கள். இந்தப் பிரிவுகள் உடலையும் உடையையும் மரியாதை வரிசையையும் சேர்த்துப் பார்ப்பவை. மேலே சொன்ன நான்கு கேள்விகளோடு அப்படியே பொருத்த முடியாது. கோத்தி என்பதைத் திருநங்கை என்றோ கிராஸ்டிரெஸ்ஸர் என்றோ மொழிபெயர்த்தால் பாதி பிசகிவிடும். ஜமாத்தில் சேராத திருநங்கைகளும் இன்று நிறையப் பேர். ‘எந்த ஜமாத்து?’ என்று எல்லோரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அவனா, அவளா, அவரா

தமிழிலும் தெலுங்கிலும் ‘நான் வந்தேன்’, ‘நேனு வச்சானு’ என்பதில் ஆண் பெண் தெரியாது. இந்தியில் ‘ஆயா’, ‘ஆயீ’ என்று பேசுபவரே தன் பாலினத்தைச் சொல்லிவிட முடியும். நம் மொழியில் அது மற்றவர் வாயில்தான் இருக்கிறது: வந்தான், வந்தாள். அதனால் தப்பாகச் சொல்பவரும் நாமாகவே இருக்கிறோம்.

தமிழுக்கு ஒரு வசதி உண்டு. ‘அவர் வந்தார்’ என்பது யாருக்கும் பொருந்தும். தெரியாத வரையில் அதையே சொல்லுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கவனம் வேண்டும். ‘வச்சாடு’ ஆணுக்கு மட்டும். ‘வச்சிந்தி’ பெண்ணுக்கும் மாட்டுக்கும் மேசைக்கும் ஒன்றுதான். மரியாதைக்கு ‘வச்சாரு’ பொது என்றாலும், முன்னால் வரும் ‘ஆயன’ ஆண், ‘ஆவிட’ பெண். பெயருக்குப் பின்னால் ‘காரு’ சேர்த்துச் சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை. கூட இருப்பவர்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்தாலும் தெரியும். ‘ஏண்டி’, ‘வாடி’ என்று தோழிகள் கூப்பிட்டால் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் அந்த ‘டி’ அவர்களுடைய உரிமை, நமக்கு ‘அக்கா’தான். கிராஸ்டிரெஸ்ஸரிடம் ‘இப்போ எப்படிக் கூப்பிடட்டும்?’ என்று கேட்பது நல்லது. உடுத்தியிருக்கும்போது ஒரு பெயர், மற்ற நேரம் ஒரு பெயர் என்பவர் உண்டு. உடுத்தியபோதுள்ள பெயரைத் தெருவில் பேண்ட் சட்டையில் போகும்போது கூப்பிட்டுவிட்டால் அவர் வேலையும் குடும்பமும் ஆபத்தில் மாட்டும்.

இது நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் நன்னூலைப் பார்க்கலாம். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால் விகுதியும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பும் பேடி பெண்பால் விகுதியும் பெறும் என்று பவணந்தியார் எழுதியிருக்கிறார். இருவரையும் அஃறிணையாகச் சொல்வதும் உண்டு என்று அதே இடத்தில் சொல்லியிருப்பதையும் மறைக்கக் கூடாது. இலக்கணம் விகுதியைத் தீர்மானிக்க எடுத்துக்கொண்டது பிறந்த உடலை அல்ல, விருப்பத்தை.

சட்டமும் காகிதமும்

உடையையும் அடையாளத்தையும் சட்டமே குழப்பிய காலம் உண்டு. 1919-ல் ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் வந்த சட்டம் ஒன்று, பதிவேட்டில் உள்ளவர் பெண் உடையில் தெருவில் காணப்பட்டால் வாரண்ட் இல்லாமல் பிடித்து இரண்டு ஆண்டு வரை சிறையில் வைக்க வழிசெய்தது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது 2023 ஜூலையில்தான்.

அதற்கு முன்பே, 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று தன்னை அடையாளப்படுத்தும் உரிமை அந்த நபருக்கே உண்டு என்றும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. ‘மூன்றாம் பாலினம்’ என்பது எல்லாத் திருநங்கைக்கும் போட வேண்டிய முத்திரை அல்ல. ‘நான் பெண்’ என்று சொல்பவர் பெண்.

2019-ன் திருநர் சட்டமும் 2020-ன் விதிகளும் சான்றிதழுக்கு வகுத்த வழி இது: மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பம், தன் பாலின அடையாளத்தைத் தானே அறிவிக்கும் உறுதிமொழிப் பத்திரம், புகைப்படம், முகவரிச் சான்று. சான்றிதழ் தருபவர் மாவட்ட ஆட்சியர். உடல் பரிசோதனை கூடாது என்று விதியிலேயே எழுதினார்கள். ஆண் என்றோ பெண் என்றோ மாற்றிய சான்றிதழுக்கு மட்டும் அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவமனைக் கடிதம் கேட்டார்கள். 2014 தீர்ப்போடு அது ஒத்துப்போகவில்லை என்பது பலருடைய குறை, எங்கள் கருத்தும் அதுதான். சட்டமும் விதியும் திருத்தத்துக்கு உட்பட்டவை, விண்ணப்பிக்கும் வாரத்தில் நடப்பில் இருப்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கிராஸ்டிரெஸ்ஸருக்கு இந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. உடுத்துவதற்கு அனுமதிச்சீட்டு கிடையாது.

எல்லைப் பகுதிக்காரர்களின் விண்ணப்பம் இரண்டு இடத்தில் சிக்கும். முதலாவது வசிப்பிடம். விதி கேட்டது, விண்ணப்பிக்கும் நாளில் அந்த மாவட்டத்தில் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வசித்திருக்க வேண்டும் என்று. நகரியில் பிறந்து அரக்கோணத்தில் குருவோடு இருப்பவர், ஆதாரில் இன்னும் நகரி முகவரியை வைத்துக்கொண்டு ராணிப்பேட்டை ஆட்சியருக்கு விண்ணப்பித்தால் திரும்பி வரும். வாடகை ஒப்பந்தமோ வேறு சான்றோ எடுத்து ஆதார் முகவரியை முதலில் மாற்ற வேண்டும். தமிழ்நாட்டு நல வாரிய அட்டையும் மத்திய அரசுச் சான்றிதழும் வேறு வேறு, ஒன்று இருந்தால் மற்றொன்று வந்துவிடாது.

இரண்டாவது பெயர். ஆந்திர ஆவணங்களில் வீட்டுப்பெயர் முன்னால் முழுதாக வரும். தமிழ்நாட்டு ஆவணங்களில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக நிற்கும். பள்ளிச் சான்றிதழில் வீட்டுப்பெயரோடும், ஆதாரில் இனிஷியலோடும் இருப்பவர் புதுப் பெயரை மூன்றாவது விதமாக எழுதிக்கொடுத்தால் ஆள் ஒருவர்தானா என்ற சந்தேகம் வந்து கோப்பு நின்றுவிடும். உறுதிமொழிப் பத்திரம் எழுதும் நாளிலேயே, பழைய ஆவணங்களில் உள்ள எல்லா வடிவங்களையும் ‘என்கிற’ போட்டு வரிசையாகச் சேர்த்துவிடுங்கள். புதுப் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒருமுறை தீர்மானித்து, அதே எழுத்துக்கூட்டலை ஆதார், பான், வங்கி என்று எல்லாவற்றிலும் கொடுங்கள். தெலுங்கில் தட்டச்சு செய்பவர் தமிழ்ப் பெயரில் வரும் ‘ழ’வை ‘ள’ என்றோ ‘ய’ என்றோ அடித்துவிடுவார். கையெழுத்துப் போடும் முன் தெலுங்கு தெரிந்த ஒருவரை அந்த வரியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.